பெருந்திணையும் பதினெட்டுக் குழிகளும்: கோல்ஃப் நண்பர் ஒருவரை முன்வைத்து ஓர் ஆய்வு

கோயம்புத்தூரில் பஞ்சாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற என் நெடுநாள் நண்பருக்கு, அவருடைய கிளப் சென்ற மாதம் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தது. கோல்ஃப் ஆட்டத்தின்மீது அவர் கொண்ட குன்றாத ஈடுபாட்டுக்காக என்று கேடயத்தில் பொறித்திருக்கிறார்கள். வெற்றி, சாதனை, திறமை ஆகிய சொற்கள் அதில் தென்படவில்லை. வாசகம் எழுதியவர் நேர்மையான மனிதர்.

ஓர் ஆட்டத்தில் எதையுமே வெல்லாத ஒருவர் அதே ஆட்டத்துக்காகப் பாராட்டப்படுவது எந்த நியாயத்தில்? விளையாட்டு நூல்களில் இதற்கு விடை கிடைக்காது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

ஆய்வுப்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிப் பேசக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. இனி அவர் 'தலைவன்'. இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. சங்கப் பாட்டில் மில் மேனேஜருக்கும் 'ன்' விகுதிதான்.

ஆய்வு என்றால் வரலாறு வேண்டும், வழிகாட்டிகள் விடமாட்டார்கள். 1457-இல் ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. ஆண்பிள்ளைகள் வில்வித்தை பழகாமல் பந்தடிக்கப் போய்விடுகிறார்கள் என்பது குறை. அதே தடையை 1471-இலும் 1491-இலும் திரும்பப் போட நேர்ந்தது என்றால் முதல் தடையை ஊர் எப்படி மதித்தது என்பது விளங்கும். மூன்றாம் தடை நான்காம் ஜேம்ஸின் ஆட்சியில் வந்தது. அவரே 1502-இல் பெர்த் நகரில் கோல்ஃப் மட்டைகள் வாங்கினார். செய்து கொடுத்தவர் வில் செய்யும் தொழிலாளி! ஊர் தூற்றத் தூற்றக் காதல் வளரும் என்று 'அலர் அறிவுறுத்த'லில் வள்ளுவர் காட்டும் இலக்கணத்துக்கு இதைவிட உரை வேண்டியதில்லை.

பதினெட்டுக் குழி எப்படி வந்தது? பதினெண் சித்தர், பதினெண் கீழ்க்கணக்கு என்று முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். உண்மை சப்பென்றிருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் ஒரு சுற்றுக்கு 22 குழி ஆடிவந்தார்கள். 1764-இல் சில குட்டைக் குழிகளைச் சேர்த்து ஒன்றாக்கியதில் அது 18 ஆனது. ஆனால் இன்னோர் எண்ணைப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். தலைவன் ஒவ்வொரு குழியின் முன்பும் கண்மூடி நிற்பதற்கு நான் வேறு காரணம் தேடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இனி நிலப்பாகுபாடு. உலகத்தில் வேறெந்த ஆடுகளத்திலும் ஐந்திணையும் ஒருங்கே அமையவில்லை. கிரிக்கெட் மைதானம் வெறும் மருதம். கோல்ஃப் திடலில் மேடு குறிஞ்சி, புதர் முல்லை, நீர் பாய்ச்சி வளர்த்த புல் மருதம், குட்டை நெய்தல், மணற்பள்ளமான பங்கர் பாலை. உரிப்பொருள்களும் பிசகாமல் பொருந்துகின்றன. குறிஞ்சிக்குரிய புணர்ச்சி பந்தும் குழியும் கூடுவது, அரிதாக நிகழ்வது. முல்லைக்குரியது இருத்தல், முன்னால் ஆடும் கோஷ்டி நகரும்வரை வேறென்ன செய்ய முடியும்? நெய்தலுக்கு இரங்கல். குட்டையில் விழுந்த பந்தின் விலையைத் தலைவன் கரையில் நின்று சொல்லிச் சொல்லி இரங்குவதை நேரில் கேட்டிருக்கிறேன். புதரில் தொலைந்த பந்தைத் தேட விதி தரும் அவகாசம் மூன்றே நிமிடம். 2019 வரை ஐந்து நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடக் குறைப்பைத் தலைவன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்ததே பாலை என்பார் இளங்கோவடிகள். பங்கரும் அப்படித்தான், நல்ல புல்வெளி நடுவே திடீரென்று திரிந்து கிடக்கிறது. தலைவன் அதற்குள் இறங்கினால் வெளியே நிற்பவருக்குத் தொப்பி மட்டும் தெரியும். தொப்பி அசையும். ஒரு பிடி மணல் மேலே எழுந்து காற்றில் பிரியும். பந்து வராது. மறுபடி மணல். மயில் ஒன்று இருப்பிடம் மாறி உட்காரும். மூன்றாம் முறையும் மணல் மட்டுமே வரும்போது, பையைச் சுமக்கும் கேடி மணல் வாரும் கட்டையில் சாய்ந்துகொண்டு மேற்கே மலையைப் பார்ப்பார். பிரிவு என்பதற்கு இங்கே பொருள், பந்து தலைவனைப் பிரிய மறுப்பது.

அந்தக் கேடிதான் பாங்கன். தலைவனை இடித்துரைத்துப் பிறகு துணை நிற்பது பாங்கனின் இலக்கணம். இடித்துரைப்பதும் உள்ளுறையாகவே நடக்கும். "காத்து கொஞ்சம் திரும்பிருச்சுங்க சார்" என்றால் காற்று அசையவே இல்லை என்று பொருள். "நல்ல அடிதானுங்க" என்றால் பந்து பக்கத்துத் தோப்பில் கிடக்கிறது. சங்க இலக்கியம் பாங்கனைக் கடைசிவரை பாங்கனாகவே வைத்தது. கோல்ஃப் அப்படி வைக்கவில்லை. கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதே வழியில் வந்த பெங்களூரு முனியப்பா 2009-இல் வென்றார். எங்கள் பாங்கனும் தலைவனைவிட நன்றாக ஆடுவார் என்பது திடலில் எல்லாருக்கும் தெரியும். தலைவனுக்கும் தெரியும்.

மருதத்தின் உரிப்பொருளான ஊடல் திடலில் நிகழ்வதில்லை, வீட்டில் நிகழ்கிறது. சங்கத் தலைவன் வைகறையில் வீடு திரும்பி வசைபடுவான். நம் தலைவன் வைகறையில் வீட்டைவிட்டுக் கிளம்பி வசைபடுகிறான். சொந்தத்தில் ஒரு முகூர்த்தத்தைத் தவறவிட்டு, ஆட்டம் முடிந்து பந்திக்கு மட்டும் போய்ச் சேர்ந்த நாளில், மனைவியிடம் சமாதானம் பேச என்னை மைசூர்பாவுடன் அனுப்பினான். இலக்கணத்தில் எனக்குப் பெயர் 'வாயில்'. அண்ணி மைசூர்பாவை வாங்கிக்கொண்டு வாயிலை மறுத்தார்.

தூரம் குறித்துத் தலைவன் தரும் சான்றுகளை உயர்வு நவிற்சி அணியாகக் கொள்வதே முறை. இதற்கு வானளாவிய முன்னோடி உண்டு. 1971-இல் அப்போலோ 14-இல் சந்திரனுக்குப் போன ஆலன் ஷெப்பர்டு, மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் மட்டையின் தலையைப் பொருத்தி இரண்டு பந்துகளை அடித்தார். விண்வெளி உடுப்பின் விறைப்பில் ஒற்றைக் கைதான் ஓடியது. இரண்டாவது பந்து மைல் கணக்கில் போவதாக அங்கிருந்தே அறிவித்தார். பிற்காலத்தில் புகைப்படங்களை வைத்து அளந்தபோது கிடைத்த தூரம் சுமார் 40 கஜம். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, எதிர்க்காற்று அறவே இல்லை. நம் தலைவன் பூமியிலேயே அதைத் தாண்டிவிடுகிறான்.

இப்போது ஆய்வின் மையக் கேள்வி. தலைவன் கொண்ட காதல் எத்திணை? கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம் என்பார் மாற்றுக் கட்சியார். மறுதலையாகிய கோல்ஃப் இத்தனை ஆண்டில் ஒரு பதிலும் சொல்லவில்லையே என்பது அவர்கள் வாதம். இதை ஏற்பதற்கில்லை. எப்போதாவது ஒருநாள், இருபதடி தூரத்திலிருந்து உருட்டிய பந்து வளைந்து போய்க் குழிக்குள் 'கிளுக்' என்று விழுகிறது. அது பதில்தான். அந்த ஒரு பதிலை வைத்துத் தலைவன் ஆறு மாதம் ஓட்டுகிறான்.

எனவே பெருந்திணை. அதற்குத் தொல்காப்பியர் கூறும் குறிகள் கண்கூடு. முதலாவது மடலேறுதல். பனைமடல் குதிரையும் எருக்கம்பூவுமாக ஊரறியத் தெருவில் வருவது அன்று. இன்று கிளிப்பச்சை டீ-ஷர்ட், கட்டம் போட்ட கால்சட்டை, இடக்கையில் மட்டும் வெள்ளைக் கையுறை. அதே கோலத்தில் பொள்ளாச்சி ரோட்டு பேக்கரியில் டீ குடிக்க இறங்குகிறான் தலைவன். அடுத்தது இளமை கடந்த காதல். வயதைச் சொன்னால் நட்பு முறியும். அதற்கும் அடுத்தது தேற்ற முடியாத அளவுக்கு மிகுந்த காதல். பாராட்டு விழாவின் ஏற்புரையே சான்று. மூன்று நிமிடம் நன்றி சொல்லச் சொன்னார்கள். பல்லாண்டுக்கு முன் ஊட்டியில் மயிரிழையில் தவறிய ஒரு பந்தைப் பற்றியே தலைவன் பேசினான். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கையால் காட்டினான். செயலாளர் இருமுறை மைக்கைப் பிடித்துப் பார்த்தார். சாப்பாடு ஆறியது.

கிளப் இதற்குத்தான் பொன்னாடை போர்த்தியதா என்றால், முழுக்க அதற்கில்லை. தலைவன் சட்டைப்பையில் சிறு முள்கரண்டி போன்ற ஒரு கருவி இருக்கும். குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையான கிரீனில், பந்து வந்து விழுந்த இடத்தில் குழிவு உண்டாகும். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். தலைவன் மண்டியிட்டு, குழிவின் ஓரங்களை அந்தக் கருவியால் உள்நோக்கித் தள்ளி, மட்டையின் அடியால் மெல்லத் தட்டிச் சமன் செய்வான். யார் பந்து ஏற்படுத்திய குழிவு என்று கேட்பதில்லை. அவன் சுற்று முடிந்தபின் கிரீன் முன்னைவிட நன்றாக இருக்கும். அவனுடைய பந்து கிரீனுக்கு வந்து சேருவதே அபூர்வம் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

ஆய்வேட்டின் சுருக்கத்தைப் புறநிலைத் தேர்வாளர் என்ற முறையில் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். பெருந்திணை என்றால் என்ன என்று கேட்டார். பொருந்தாக் காதல் என்றேன்.

"பொருந்தாததா? ஏனுங் தம்பி, காலைல அஞ்சு மணிக்குப் போறவரு பத்தரைக்குத்தான் வருவாரு. அதுவரைக்கும் பேப்பர் என்னுது, ரேடியோ என்னுது, சமையக்கட்டுல ஆரோட யோசனையும் கெடையாது. ரிட்டயர் ஆன மனுசனுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு அமையுமாக்கு?"

தேர்வாளரின் குறிப்பைப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன். துணிபை மாற்றுவதாக இல்லை.