முதலில் குரல், பிறகு கோப்பு

கே: 100 எம்பிபிஎஸ் லைன் போட்டும் ஆபீஸ் இன்டர்நெட் போனில் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறதே? (திருப்பூர்)

ப: ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு, ஒரு திசைக்கு ஏறக்குறைய 87 கேபிபிஎஸ் போதும். உங்களுக்குப் பஞ்சம் வேகத்தில் இல்லை, வரிசையில்! பக்கத்து மேசைக்காரர் வீடியோ ஏற்றுகிறார். உங்கள் ‘ஹலோ’ அதன் பின்னால் கால்கடுக்க நிற்கிறது.

கே: தொலைந்த குரல் பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கக்கூடாதா? (கும்பகோணம்)

ப: முகூர்த்தம் முடிந்தபின் தாலி எதற்கு? நொடிக்கு 50 பாக்கெட் பறக்கிறது; தொலைந்தது திரும்பி வருவதற்குள் பேச்சு தாண்டிவிடும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. வெகுவாக மீறினால் இருவரும் சேர்ந்தே பேசுவீர்கள், சேர்ந்தே வாய் மூடுவீர்கள்.

கே: ஃபயர்வாலில் முதலில் எதைத் தொடுவது? (கோவை)

ப: அப்லோடு வரம்பை. அளந்து பார்த்து 20 எம்பிபிஎஸ் வந்தால் 18 என்று வையுங்கள். அந்த இரண்டைத் தியாகம் செய்தால், நெரிசல் மோடத்துக்குப் போகாமல் உங்கள் ஃபயர்வாலிலேயே நிற்கும். யார் முன்னே போவது என்று நீங்கள் சொல்லலாம். வரிசை அடுத்தவர் பெட்டியில் இருக்க, இங்கே விதி மேல் விதி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. வரம்பு இல்லாத முன்னுரிமை வெறும் அலங்காரம்!

கே: குரல் பாக்கெட்டை எப்படி அடையாளம் காண்பது? 5060 போர்ட்டுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டேன். (மதுரை)

ப: மணி ஜோராக அடிக்கும், பேச்சு திக்கும்! 5060 வழியே போவது அழைப்பை ஏற்படுத்தும் ‘சிப்’ (SIP) சமிக்ஞை. குரல் ஆர்டிபி-யில், வேறு போர்ட்டுகளில் போகிறது. ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளின் மாதிரி அமைப்பில் 10000 முதல் 20000 வரை. பல ஐபி போன்கள் பாக்கெட்டின் நெற்றியிலேயே டிஎஸ்சிபி 46 என்று முன்னுரிமை முத்திரை குத்தி அனுப்பும், அதைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் போன்களைத் தனி விலானில் (பிரித்த உள்வலையில்) போட்டு, அந்த விலானுக்கே முதல் மரியாதை.

கே: அந்த 46-க்கு அமெரிக்கா வரை மதிப்பு உண்டா? (சென்னை)

ப: உங்கள் வாசல் வரை உண்டு. பொது இணையத்தில் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

கே: நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. முன்னுரிமை போதவில்லையா? (சேலம்)

ப: இது பெரும்பாலும் என்ஏடி (முகவரி மாற்றும் ஏற்பாடு) வியாதி. ரவுட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’யை அணைத்துப் பாருங்கள். உதவிக்கு வந்து உபத்திரவம் செய்வதில் மன்னன் அது.

கே: எனக்கு விதி எழுதத் தெரியாது. மகன் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடும் நேரம் பார்த்து, பேரன் கேம் இறக்குகிறான்! (மயிலாடுதுறை)

ப: ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றிய ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மையைப் போட்டு, ‘கேக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இரு திசைக்கும் வரம்பு கொடுங்கள். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் தந்த ‘கோடெல்’ வழி வந்த சரக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை. மெலிந்தது முந்திப் போகும். குரல் மெலிந்தது, கேம் குண்டு. பேரன் கொஞ்சம் காத்திருக்கட்டும், அப்பாவும் பிள்ளையும் பேசி முடியுங்கள்!