கனடாத் தட்டும் லண்டன் தட்டும்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்க வருகிறவர்கள் கடல் தெரியுமா, லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்யுமா, கார் விட இடம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். நடை எத்தனை அடி என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கட்டி விற்பவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அறைகளுக்கு வெட்டிக் கொடுத்தபின் வாசற்கதவுக்கும் ஹோலுக்கும் நடுவில் மிஞ்சிய துண்டுதான் நடை. எங்கள் வீட்டில் அது 12 அடி நீளம், மூன்றரை அடி அகலம். ஊர் வீட்டில் திண்ணையும் விறாந்தையும் முற்றமும் கோடியும் பங்கு போட்டுச் செய்த வேலை முழுவதையும் இந்தத் துண்டு தனியாகச் சுமக்கிறது.

செருப்புகள் வெளியே கிடந்தவரை அது எப்படியோ சமாளித்தது. பிறகு எங்கள் மாடிகளின் முகாமைத்துவக் குழு லிஃப்டுக்குள் ஓர் அறிவித்தல் ஒட்டியது: ‘பொது நடைபாதையில் பாதணிகள் வைப்பது தடை.’ மாடிவீட்டு உடைமைக்கு 1973ஆம் ஆண்டிலேயே 11ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. படிக்கட்டும் நடைபாதையும் வீட்டுக்காரர் எல்லோருக்கும் பொதுச்சொத்து. எல்லோருக்கும் சொந்தமான இடத்தில் ஒருவருடைய செருப்பும் கிடக்கக்கூடாது என்பதுதான் பொதுச்சொத்தின் இலட்சணம். ஆகவே செருப்புகள் உள்ளே வந்தன. உள்ளே ஏற்கெனவே குடியிருந்தவை: ஈரக்குடைகள், மகனின் கிரிக்கெட் மட்டை, தண்ணீர் பில், மின்சார பில், ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த நல்லெண்ணெய்க் கேன், யாருடையது என்று தெரியாத திறப்புக் கோர்வை, நான்கு சூட்கேஸ்கள்.

என் மனைவி கணித ஆசிரியை. ஒழுங்கு என்பது அவருக்குப் பக்திக்கு அடுத்தபடி. ‘மொடியுலர்’ அலுமாரி வாங்குவதென்று முடிவானது. ஒரே அளவில் செய்த பெட்டிகளை வேண்டிய எண்ணிக்கையில் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகவும் பக்கத்தில் பக்கத்திலும் பூட்டிக்கொள்வது. கலியாணமானால் ஒரு பெட்டி கூட்டலாம், பிள்ளைகள் வெளிநாடு போனால் ஒன்றைக் கழற்றலாம். பலகைகளாகக் கழன்று, அட்டைப்பெட்டிக்குள் தட்டையாக வந்து இறங்கும். 1956இல் சுவீடனில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றினாராம். இக்கியா நிறுவனத்தின் கழற்றிப்பூட்டும் வியாபாரம் சூடு பிடித்தது அங்கேதான் என்பார்கள். அந்தக் கடை இன்னும் கொழும்புக்கு வரவில்லை. அதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் காலி வீதி நெடுகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

கடையிலிருந்து வந்த இரண்டு தம்பிமார் பலகைகளை நடையில் பரப்பினார்கள். அம்மா நடையின் கோடியில் கதிரை போட்டு, பிளேன்டீயுடன் மேற்பார்வைக்கு அமர்ந்தார். அலுமாரியைப் படுக்கவைத்தே முழுவதும் பூட்டி முடித்து, “சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று தூக்கி நிமிர்த்தினார்கள். அது ஏறக்குறைய நிமிர்ந்து, மேல்மூலை கூரையில் முட்டி, அப்படியே சரிந்து நின்றுவிட்டது. தம்பிமார் அலுமாரியைப் பார்த்தார்கள், அலுமாரி கூரையைப் பார்த்தது. கூரை 8 அடி, அலுமாரி 7 அடி பத்தரை அங்குலம். பிறகு ஏன் இடிக்க வேண்டும்?

மனைவி அட்டைப்பெட்டியின் முதுகில் பேனையை எடுத்தார். உயரம் 94.5 அங்குலம், ஆழம் 18. இரண்டையும் வர்க்கித்து, கூட்டி, மூலம் எடுத்தால் மூலைவிட்டம் 96.2. கூரையோ 96.

“பைதகரஸ்,” என்றார், பதினோராம் ஆண்டு வகுப்பைப் பார்க்கிற பார்வையோடு. “இதெல்லாம் எங்கை மிஸ் உதவப்போகுது எண்டு கேக்கிறவை இப்ப வந்து பாக்கவேணும்.”

அம்மா பிளேன்டீயைக் கீழே வைத்தார். “அந்த மனுசனும் வெள்ளவத்தையிலை பிளட் வாங்கித்தான் கண்டுபிடிச்சிருப்பான்.”

எல்லாவற்றையும் கழற்றி, அலுமாரியை நட்டமாக நிறுத்தியபடியே மறுபடி பூட்டினார்கள். நடையில் இப்போது நடக்க மிஞ்சியது இரண்டடி. உறவினர்களில் ஒல்லியானவர்கள் நேராகவும் வசதியானவர்கள் பக்கவாட்டிலும் வருகிறார்கள்.

மேல்தட்டில் அடுத்த சிக்கல். லெ கொர்பூசியே என்ற கட்டடக்கலைஞர் வீட்டுக்கும் தளபாடத்துக்கும் பொருந்துவதாக ‘மொடுலோர்’ என்றோர் அளவுமுறையை வகுத்து, புத்தகமாக வெளியிட்டார். அதன் அடிப்படை ஆறடி மனிதன். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வருகிற அழகான ஆண்கள் ஆறடி உயரமாம், அதனால்! எங்கள் அம்மா 4 அடி 10. துப்பறிவதில் எந்தக் கதாநாயகனுக்கும் குறைந்தவரல்ல, ஆனால் மேல்தட்டு எட்டாது. கதிரையில் ஏறினால் எட்டும், ஏறினால் நாங்கள் கத்துவோம். ஆகவே மேல்தட்டுக்குப் போகும் சாமான் ஓய்வூதியம் பெற்றதாகக் கருதப்படும்.

மனைவி ஒவ்வொரு பெட்டிக்கும் அழகான கையெழுத்தில் லேபல் ஒட்டினார்: சப்பாத்து, குடை, திறப்பு, பில், விளையாட்டு. ஒரு வாரத்துக்கு உலகம் ஒழுங்காகச் சுழன்றது. பிறகுதான் அம்மா தன் நிர்வாகத்தைத் தொடங்கினார். மார்கழியில் ஸ்காபரோவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் குளிர்ச்சட்டைகளை ‘அடுத்த முறை வரேக்கை எடுக்கிறம்’ என்று விட்டுப்போயிருந்தது. அவை சப்பாத்துப் பெட்டிக்குள் போயின. ஈஸ்ட்ஹாம் மாமிக்கு ‘ஆரும் போற ஆக்கள் இருந்தால்’ கொடுத்தனுப்ப வேண்டிய மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பில்களைத் தள்ளிவிட்டு அமர்ந்தன. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சுவிஸ் மச்சானின் வெறும் சூட்கேஸ் மேல்தட்டேறியது. அதற்குள் இன்னொரு சூட்கேஸ், அதற்குள் ஒரு பயணப்பை, பைக்குள் போன வருடத்து விமானச் சீட்டின் துண்டு.

“சப்பாத்தெல்லாம் எங்கை மாமி?”

“கனடாத் தட்டிலை இடமில்லைப் பிள்ளை. லண்டன் தட்டுக்குக் கீழை வைச்சனான்.”

அன்றிலிருந்து லேபல்களுக்கு மதிப்பில்லை. வீட்டில் எல்லோரும் நாடுகளின் பெயரால்தான் பேசுகிறோம். குடை எங்கே என்றால் சுவிசுக்குப் பக்கத்தில். கனமானது என்பதால் யாழ்ப்பாணம் அடித்தட்டில், நல்லெண்ணெய்க் கேனுடன். நடுவில் உள்ள லாச்சியில் மட்டும் ஒரே ஒரு சாமான், அதை யாரும் நகர்த்துவதில்லை: பெட்டி நிறுக்கிற கொளுக்கித் தராசு. ஒரு சூட்கேசுக்கு 23 கிலோ என்று விமானக் கொம்பனி சொன்னால், 22.9 வரும்வரை பனங்கட்டியைப் போட்டும் எடுத்தும் நிறுப்பது எங்கள் நடையில் நடக்கும் நள்ளிரவுச் சடங்கு. தராசின் சின்னத் திரையில் இலக்கம் துடித்து நிற்கும்வரை யாரும் மூச்சு விடுவதில்லை.

இத்தனைக்கும் அலுமாரி மரமல்ல. மரத்தூளைப் பசையோடு அழுத்தி, மேலே மெலமைன் தோல் ஒட்டிய பலகை. தோல் மூடிய இடத்தில் வீரன், வெட்டுவாயில் கோழை. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்க, குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் அடிப்பலகையின் ஓரத்தைப் பிடித்தது. அது நீர் குடித்துத் தடித்தது. பிறகு வெயில் வந்தும் மெலியவில்லை. மரைன் டிரைவைத் தாண்டி வரும் உப்புக்காற்று பிணைச்சல்களைப் பார்த்துக்கொண்டது. கதவு திறக்கும் சத்தத்திலேயே யார் திருட்டுத்தனமாகப் பனங்கட்டி எடுக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கடற்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் துருப்பிடிக்காத உருக்குப் பிணைச்சலா என்று கேட்டு வாங்குங்கள். அலுமாரியைத் தரையில் இருத்தாமல் நாலு அங்குலக் காலில் நிறுத்துங்கள். குடைக்கு வெளியே ஒரு வாளி போதும், முகாமைத்துவக் குழு கண் மூடினால்.

கொட்டாஞ்சேனையில் என் அக்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. முகப்பு ஒடுங்கி, உடம்பு நீண்ட பழைய வீடு. அங்கே நடையில் ஒரு வாங்கு, வாங்குக்குக் கீழே செருப்பு, சுவரில் ஒரு வரிசை ஆணி. குடை, பை, திறப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னே தொங்கும். மொடியுலர் என்ற சொல்லைக் கேட்டால், “அது என்ன வருத்தம்?” என்பார். அவர் வீட்டில் ஒழுங்கு இருப்பதற்கு ஆணி மட்டும் காரணமல்ல. வெளிநாட்டு உறவினர்கள் கட்டுநாயக்காவிலிருந்து நேரே வெள்ளவத்தைக்குத்தான் வருகிறார்கள், கொட்டாஞ்சேனைக்கு ஒரு பின்னேரம் மட்டும் தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள்.

நடை ஒழுங்கில்லாமல் போவது அலுமாரி போதாததால் அல்ல, அங்கு வந்த சாமானுக்குப் போகும் திகதி இல்லாததால். தட்டு கூடினால் உறவு கூடும், அவ்வளவுதான். ஆகவே எங்கள் வீட்டில் இப்போது ஒரு பெட்டி சட்டப்படி வெறுமையாக இருக்கிறது. அதில் கைவைக்க அம்மாவுக்கும் அதிகாரம் இல்லை. புதிதாக வரும் எந்தப் பொதியையும் பெயரும் போகும் திகதியும் எழுதித்தான் ஏற்கிறோம்.

இதை ஸ்காபரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ பேர்ணிலோ இருந்து வாசிக்கும் சொந்தங்களே, இந்த வருடமும் தவறாமல் வாருங்கள். சோறு இருக்கிறது, படுக்கப் பாய் இருக்கிறது. போகும்போது உங்கள் சூட்கேசையும் கையோடு கொண்டு போங்கள்.