ஃபவுண்டரின் மொய் நோட்டு

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஃபவுண்டர் குடியிருக்கிறார். வேறு யாருமில்லை, என் தம்பி மகன்தான். பேராவூரணிப் பக்கம் பிறந்து, சென்னையில் இன்ஜினியரிங் படித்து, கை நிறையச் சம்பளம் வந்த வேலையை உதறிவிட்டு இரண்டு வருஷமாக ஃபவுண்டராக இருக்கிறான். கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் சி.இ.ஓ., மற்றவர் சி.டி.ஓ. சிப்பந்தி என்று யாரும் இல்லாததால், டீ வாங்கப் போவது யார் என்பதற்கே தினம் போர்டு மீட்டிங் நடக்கும்.

மீட்டிங்கில் பேசியதை ஏ.ஐ. சுருக்கித் தரும் ஆப் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். "மீட்டிங்கையே சுருக்கிட்டா என்னடா?" என்றேன். "அதுக்கு மார்க்கெட் இல்ல பெரியப்பா."

போன மாதம் ஒரு நாள், "புதன்கிழமை நடுராத்திரி 12:01-க்கு லாஞ்ச்" என்று அறிவித்தான். ராத்திரி என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ ராத்திரி. நமக்கு மத்தியானம் 12:31, சாம்பார் சாதம் முடிந்து ரசத்துக்குப் போகும் நேரம். பிராடக்ட் ஹண்ட் என்று ஒரு சந்தை. 2013-இல் ரயன் ஹூவர் என்பவர் மின்னஞ்சல் பட்டியலாக ஆரம்பித்தது. அங்கே தினமும் அந்த நேரத்துக்குப் புதுப் பந்தி விரிப்பார்கள். அடுத்த நடுராத்திரிக்குள் யாருக்கு அதிக அப்வோட்டோ அவர்தான் அன்றைய மாப்பிள்ளை.

என் மனைவி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "புதன் பன்னிரண்டுலேர்ந்து ஒன்றரை ராகு காலம்டா" என்றாள். லாஞ்ச் வியாழனுக்குத் தள்ளிப்போனது. வியாழன்தான் டிராஃபிக் ஜாஸ்தி என்று டேட்டா சொல்கிறதாம். (குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால் நமக்கு 1:31 ஆகிவிடும். அப்போது புதன் தப்பிக்கும், வியாழன் மாட்டும். இதை எந்த ஸ்டார்ட்அப் வழிகாட்டியும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.)

அங்கே ஓட்டுப் போடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்கக் கூடாது என்பது விதி. "வந்து பாருங்கள், கருத்துச் சொல்லுங்கள்" என்று சொல்லலாம். அதனால் லாஞ்ச் அன்று காலையிலிருந்து காலேஜ் குரூப், பழைய ஆபீஸ் குரூப், கிரிக்கெட் குரூப், எங்கள் குடும்பக் குரூப் எல்லாவற்றிலும் இவனுக்குத் திடீரென்று பிறர் கருத்தின்மேல் அப்படியொரு மரியாதை.

அன்றைக்கு ஊரிலிருந்து என் தம்பியும் வந்திருந்தான். மகனுக்குப் பின்னால் நின்று லேப்டாப்பைப் பார்த்தான். திரையில் ஒரு ஷீட். பெயர், அவர் லாஞ்ச் தேதி, நாம் போட்டது, அவர் போட்டது என்று நாலு பத்தி. போட்டவருக்குப் பச்சை, போடாதவருக்குச் சிவப்பு. தம்பி கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "இதுல பழைய நடை எது, புது நடை எது?" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒருவர் கறிச்சோறு போடுவார். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். திரும்பி வருவது பழைய நடை, மேலே சேர்த்து வைப்பது புது நடை. அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்களும் உண்டு, கடை வைத்தவர்களும் உண்டு. பத்திரிகையில் பணம் கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. நல்வரவை நாடுவதோடு சரி.

"அப்பா, இது கம்யூனிட்டி" என்றான் மகன். பிறகு கூட்டு நிதியின் மகிமையை விளக்க, 2014-இல் அமெரிக்காவில் ஒருவர் உருளைக்கிழங்கு சாலட் செய்ய 10 டாலர் வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரில் கேட்டு 55,492 டாலர் வசூலித்த கதையைச் சொன்னான்.

"சாப்பாடு போட்டாரா?"

"ஊரைக் கூட்டி பெரிய விழாவே நடத்தினார்."

"அப்புறம் என்ன, மொய் விருந்துதானே!"

லாஞ்ச் பக்கத்தில் வாழ்த்து குவிந்தது. எல்லாம் ஒரே வாசகம், ஒரே ராக்கெட் படம். வாழ்த்தியவர்கள் எல்லாரும் அடுத்த வாரம் லாஞ்ச் வைத்திருக்கும் ஃபவுண்டர்கள். ஒரே ஒருவர் மட்டும், இதை ஏற்கெனவே போனில் உள்ள ஆப்பே செய்யுமே என்று கேட்டுவிட்டார். பையன் முகம் சுண்டிப்போனது. இரண்டு நிமிஷத்தில் தேறிவிட்டான். அதற்கு டிராப்பாக்ஸ் கதை என்று ஒரு மருந்து இருக்கிறது. 2007-இல் ட்ரூ ஹூஸ்டன் கோப்பு சேமிக்கும் அந்த டிராப்பாக்ஸை ஹேக்கர் நியூஸ் என்ற இணையத் திண்ணையில் வைத்தபோது, லினக்ஸ் தெரிந்தவர் எஃப்.டி.பி. கணக்கை வைத்துத் தானே சுலபமாகச் செய்துகொள்ளலாமே என்று ஒருவர் எழுதினார். அந்தத் திண்ணை, ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டாளர் வீட்டுத் திண்ணை. ஹூஸ்டனுக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது, 2018-இல் கம்பெனி பங்குச் சந்தைக்கும் போனது. அன்றிலிருந்து, யார் திட்டினாலும் ஃபவுண்டர் தன்னை டிராப்பாக்ஸ் என்று எண்ணிக்கொள்கிறார்.

ஃபவுண்டர் குலத்தின் சென்னைக் கிளைக்குக் குலதெய்வம் கிரீஷ் மாத்ருபூதம். அமெரிக்காவிலிருந்து வந்த சாமானில் டி.வி. உடைந்து, நஷ்டஈடு கிடைக்காமல், இணையக் குழு ஒன்றில் அவர் எழுதிய பிறகுதான் பணம் வந்தது. பின்பு 2010-இல், ஒரு கம்பெனி விலையை ஏற்றியதற்கு வாடிக்கையாளர்கள் கொதித்ததை ஹேக்கர் நியூஸில் படித்து, வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்; 2021-இல் கம்பெனி நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அவர் படித்தது வாடிக்கையாளரின் புலம்பல், இவன் படிப்பது ஃபவுண்டர்களின் வாழ்த்து. இதைச் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டு டி.வி.யை அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பந்தி முடிந்தது. நாலாவது இடம். அதைப் படம்பிடித்து பிட்ச் டெக்கின் மூன்றாம் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒரு ஏஞ்சல் முதலீட்டாளர், "தொடர்பில் இருங்கள்" என்று எழுதினார். அதை ஆறு முறை வாசித்துக் காட்டினான். அடுத்த வரியில் அவர், காசு கொடுக்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்றும் கேட்டிருந்தார். அதை வாசிக்கவில்லை; நான்தான் எட்டிப் பார்த்தேன்.

அன்று ராத்திரி ஊருக்கு பஸ் ஏறிய தம்பி, ஜிபேயில் மகனுக்கு 501 ரூபாய் அனுப்பியிருந்தான். குறிப்பில் 'புது நடை' என்று போட்டிருந்தது.