இரண்டே நிமிஷம்

"மாப்ளே, ஓரமா நிறுத்து. இரண்டே நிமிஷம்."

இந்தக் குரல் உங்கள் வீட்டுக் காரிலும் கேட்டிருக்கும். சித்தப்பாவாக இருக்கலாம், மாடி வீட்டு ரிட்டையர்டு சாராக இருக்கலாம். எங்களுக்கு வாய்த்தவர் அத்தையின் கணவர். வங்கியில் 35 வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரம் 'பொன்னியின் செல்வ'னை மறுபடி எடுத்தார். படித்தோமா, வைத்தோமா என்று இருந்திருக்கலாம். வந்தியத்தேவன் நிஜமா, கதையா என்று ஒரு சந்தேகம் வந்து தொலைத்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று பொறித்திருக்கிறது என யாரோ சொல்ல, அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். நந்தினிக்குக் கல்வெட்டு எதுவும் கிடையாது என்று தெரிந்த இரவு மாமா சாப்பிடவில்லை என்பது அத்தை தரும் தகவல்.

அதிலிருந்து எந்த ஊருக்கும் நாங்கள் நேராகப் போனதில்லை.

மாமாவின் இரண்டு நிமிஷத்துக்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சோழர் காலத்துக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். கொம்பில் குறில், நெடில் பேதமும் கிடையாது. 'க' என்று வெட்டியிருந்தால் அது 'க'வா, 'க்'கா என்று அடுத்த நாலு எழுத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். அந்த நாலுக்கும் இதே கதி. இதற்கு நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, யாரோ அடித்த பெயின்ட். ஆகவே மூன்று வரி படிக்க ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷமும் டார்ச் பிடிப்பது நான்.

"நேரா அடிக்காதே மாப்ளே, எழுத்து செத்துப்போயிடும். பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடி."

சாய்த்துப் பிடித்தால் உண்மையிலேயே ஒரு வித்தை நடக்கும். வெறும் கல்லாக இருந்த இடத்தில் பள்ளங்களுக்குள் நிழல் விழுந்து, வரி வரியாக எழுத்து எழுந்து வரும். மாமா ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் விட்டு, ஒண்ணாங் கிளாஸ் பையன் மாதிரி தடவித் தடவி, "ஸ்வஸ்திஸ்ரீ" என்று சத்தமாக ஆரம்பிப்பார். வௌவால்கள் கிளம்பிப் போகும். எனக்குத் தோள்பட்டை இறங்கும்.

இவ்வளவு பாடுபட்டுப் படித்தால் என்ன இருக்கும்? ஆடு இருக்கும். பத்துக்கு ஆறு கல்வெட்டு, எவரோ ஒருவர் கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஆடு கொடுத்த கணக்கு. ஒரு விளக்குக்கு 90 ஆடு, பெரிய கோயிலில் 96. இடையர் அவற்றை மேய்த்து, தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, கிழடாகாது. செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்துவிடும், எண்ணிக்கை மட்டும் குறையவே குறையாது. வங்கிக்காரர் மனசு இதில் விழாமல் வேறு எதில் விழும்? "ஃபிக்சட் டெபாசிட் மாப்ளே! அசல் மேயுது, வட்டி எரியுது!" இந்த வாக்கியத்தை என் கல்யாணத்திலிருந்து என் பையனின் காதுகுத்து வரை கேட்டாயிற்று. காதுகுத்தில் பிரியாணி இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

கொடும்பாளூர்க் கதைக்கு வருகிறேன். மதுரையில் பெரியப்பா மகள் கல்யாணம். முகூர்த்தம் 9 முதல் 10.30. திருச்சியிலிருந்து காலை 5.30க்குக் கிளம்பினோம், தாராளமான நேரம். விராலிமலை தாண்டியதும் பின் சீட்டில் செருமல் கேட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பலிக்கவில்லை.

"மூவர் கோயில் மாப்ளே. இரண்டே நிமிஷம்."

பூட்டியிருந்த கோயிலுக்குச் சாவி வந்து சேரும்போதே மணி எட்டு. மூவர் கோயில் என்று பெயரே தவிர, நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னர், தம் பெயரில் ஒன்றும் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்றுமாக எடுத்தவை. கல்வெட்டு வடமொழி, எழுத்து கிரந்தம். கிரந்தம் மாமாவுக்கு அரைகுறை. அரைகுறை என்பதால் நேரம் இரட்டிப்பு. இதில் விழுந்துபோன கோயில் எந்த மனைவியுடையது என்று புது ஆராய்ச்சி வேறு.

அத்தை காரிலிருந்து இறங்கவில்லை. பட்டுப்புடவை, மடியில் வெள்ளிக் குத்துவிளக்கு, தலையில் வாட ஆரம்பித்த மல்லிகை. கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"நடுவுல நிக்குதே, அது யாரோடது?"

"ராஜாவோடதா இருக்கும்."

"அப்ப சரி. எந்தக் காலத்துலயும் விழறது பொண்டாட்டிதான். வண்டிய எடுங்க."

எடுத்தோமா? பக்கத்திலேயே முசுகுந்தேசுவரர் கோயில் இருக்கிறதே. மதுரை மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி 10.45. மாலை மாற்றி, தாலி கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பாயசம் தீர்ந்துவிட்டது. பெரியப்பா இன்றுவரை என்னிடம்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வண்டி ஓட்டியவன் நான் அல்லவா.

மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், அந்த நிழலில் தாமே நிற்கும் போட்டோவைப் பதிலாக விடியற்காலை 5 மணிக்கு அனுப்புவார். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. ராஜராஜனுக்கு அக்கா யார், அத்தை யார், எந்த மனைவி எந்தச் செப்புத் திருமேனி கொடுத்தாள் என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பேத்தி எத்தனாவது படிக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் அந்தக் குழந்தையிடமே கேட்கிறார். அவளும் இப்போதெல்லாம் வாய்க்கு வந்த வகுப்பைச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

ஒரே ஒரு தடவை மாமாவின் இரண்டு நிமிஷம் இரண்டு நிமிஷமாகவே முடிந்தது. காவிரிக் கரையில் சின்ன சிவன் கோயில். பத்து வருஷம் முன்னால் பார்த்து, பாதி படித்து, மீதியை அப்புறம் படிக்கலாம் என்று விட்டுவந்த கல்வெட்டு. டார்ச், நோட்டு, கர்சீப் சகிதம் உள்ளே போனார். நான் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். திருப்பணி செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்திருந்தார்கள். கல் பளபளவென்று இருந்தது. டார்ச்சை எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் எழுந்து வரவில்லை. தொண்ணூறு ஆடு வரைக்கும் படித்திருந்தாராம். கொடுத்தவர் பெயர் அடுத்த வரியில்.

வீடு வரும்வரை வழியில் ஏழெட்டுக் கோபுரம் தெரிந்தது. நானே வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த ஊமைக்காய்ச்சல் ஒரு வாரம்தான். இப்போது முழு வேகத்தில் இருக்கிறார். அடுத்த மாதம் தங்கை மகளுக்குக் கல்யாணம், கும்பகோணத்தில். முகூர்த்தம் 9 முதல் 10.30. 'அதிகாலை 4.30 முதல் 6 வரை' என்று மாமாவுக்காக ஒரே ஒரு பத்திரிகை தனியாக அச்சடித்திருக்கிறோம்.

கும்பகோணத்துக்கு அது போதாது என்கிறாள் அத்தை.