வீட்டோடு மாப்பிள்ளை

ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கல்யாணம். சரியான தேதி கேட்காதீர்கள், பத்திரிகை அடித்து வைக்கவில்லை.

பெண் வீட்டார் ஆர்க்கியா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் வம்சம். பழைய குடும்பம், வருமானம் சுமார். மாப்பிள்ளை பாக்டீரியா. சாப்பாட்டை ஆக்சிஜனில் எரித்து, இருக்கிற சக்தியையெல்லாம் கறந்துவிடுகிற கெட்டிக்காரர். (டைபஸ் காய்ச்சல் தரும் ரிக்கெட்சியா இவருக்குத் தூரத்துப் பங்காளி. அதைப் பெண் பார்க்கும்போது யாரும் சொல்லவில்லை.) விழுங்கினார்களா, பக்கத்து வீட்டுப் பழக்கம் முற்றியதா என்பதில் இன்றும் இரண்டு கட்சி. எப்படியோ, உள்ளே வந்தவர் மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

வந்ததும் சொத்தெல்லாம் கைமாறியது. மரபணுக்கள் ஒவ்வொன்றாக மாமனார் உட்கரு பெயருக்குப் போயின. மனிதச் செல்லில் இன்று அவர் கையில் மிச்சம் 37. அவருக்கு வேண்டிய புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். அதில் 13தான் சொந்தத் தயாரிப்பு. மற்றதற்கெல்லாம் மாமனாரிடம் கை நீட்ட வேண்டும். சம்பாத்தியமான ஏடிபி (ATP) என்ற சக்தி மூலக்கூறுக்கு வாசலிலேயே வசூல்: ஒரு ATP வெளியே போனால்தான் சக்தி தீர்ந்துபோன ADP ஒன்று உள்ளே வரும். சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டுக் காலிக் கவரை வாங்கிக்கொள்கிற வாழ்க்கை.

ரோஷம் மட்டும் போகவில்லை. வட்டமான டிஎன்ஏ, பாக்டீரியா பாணி ரைபோசோம் என்று பிறந்த வீட்டுப் பாத்திரங்களை விடவே இல்லை. அதனால்தான் கிருமியை அடிக்கும் குளோராம்பெனிகால் இவர் முதுகிலும் இரண்டு வைக்கிறது.

குடும்ப ரகசியத்தை 1967-இல் போட்டு உடைத்தவர் லின் மார்குலிஸ். அப்போது அவர் லின் சேகன். சுமார் 15 ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே கட்டுரை அச்சேறியது. பசுங்கணிகத்தைப் பற்றி ரஷ்யாவின் மெரெஷ்கோவ்ஸ்கி 1905-லேயே சொல்லியிருந்தார், யார் கேட்டார்கள்? அந்தப் பசுங்கணிகம் இரண்டாவது மாப்பிள்ளை. பூர்வீகம் சயனோபாக்டீரியா, வெயிலிலேயே சமைப்பவர். அவரைக் கொண்ட கிளைதான் பாசியும் வாழையும்.

வாரிசு விஷயத்திலும் வேடிக்கை உண்டு. நமக்கு வருவது அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா. அப்பாவுடையது விந்தணு வண்டியை ஓட்டி வந்த டிரைவர். பந்தியில் இலை கிடையாது.

மாப்பிள்ளை இல்லாமல் குடும்பம் ஓடாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலில் இருந்து கிடைத்த மோனோசெர்கோமோனாய்டஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியில் தேடினால், மைட்டோகாண்ட்ரியாவே இல்லை. என்றைக்கோ வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் பார்த்த, இரும்பு-கந்தகக் கொத்துகளைக் கட்டித்தரும் வேலையை வேறு பாக்டீரியாவிடம் வாங்கிய மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. மாமனார் சௌக்கியம்.