செருப்புப் போட்டு நடந்த தேதி

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாசக்கணக்கு மாமா. அவர் மகனுக்கு 34 வயது, முன்நெற்றி ஏறிவிட்டது. மாமா பேச்செடுத்தால் மட்டும் அவன் இன்னும் பாயில் கவிழ்ந்து கிடந்து எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருப்பான்.

கல்யாணப் பந்தியோ, ரேஷன் கடை வரிசையோ, துக்க வீட்டு வாசலோ, யார் இடுப்பிலாவது குழந்தை இருந்தால் போதும். "எத்தனை மாசம்?" என்பார். அது விசாரிப்பில்லை, டாஸ் போடுவது. "அஞ்சு மாசம் மாமா, இப்பத்தான் குப்புற விழறா" என்று அந்தப் பெண் முடிப்பதற்குள், "நம்ம பய மூணாம் மாசமே விழுந்து, தலையத் தூக்கிச் சுவத்துல இருந்த முருகன் படத்தப் பாத்தான்" என்பார். பாவம், அன்று ராத்திரி அவள் தன் பிள்ளையைத் தானே உருட்டிவிட்டுப் பார்த்திருப்பாள்.

மகன் நடந்த கதைதான் கச்சேரியில் மெயின். ஸ்கூலில் சேர்த்தபோது அவன் 11 மாதத்தில் நடந்திருந்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அது 10 ஆனது. இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும் 9. பெண் பார்க்கப் போன இடத்தில் எட்டரை. அவர்கள் கேட்டதென்னவோ சம்பளத்தை. இதே வேகத்தில் போனால், அவனுடைய அறுபதாம் கல்யாணத்துக்குள் பிரசவ வார்டிலிருந்து அம்மாவைக் கைப்பிடித்து அவனே வீட்டுக்கு நடத்திக் கூட்டி வந்திருப்பான்.

ஒன்றரை வயதுக்குள் எப்போது நடந்தாலும் கவலை இல்லை என்று டாக்டர்கள் சொல்வதை மாமா முன்னால் எடுத்துவிடக் கூடாது. அதெல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு.

ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் குமரகுருபரரை இழுத்தேன். அவர் 5 வயது வரை பேசவே இல்லையாம். பெற்றவர்கள் திருச்செந்தூர் முருகனிடம் போய்க் கிடந்த பிறகுதான் வாய் திறந்தது என்பார்கள். செங்கீரை, தால், சப்பாணி என்று பிள்ளை வளர்வதைப் பருவம் பருவமாய்ப் பாடும் பிள்ளைத்தமிழில், மதுரை மீனாட்சிக்கே ஒன்று பாடியவர் அவர்.

மாமா சற்று யோசித்தார். "அவங்கப்பா சரியாப் பேச்சுக் கொடுத்திருக்க மாட்டார்" என்றார்.

அதுவரை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி எழுந்து போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்து, ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிய அட்டை.

"அவன் நடந்த அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்ல. ராமநாதபுரத்துக்கு மாத்தல்ல போயிருந்தீங்க. இன்லண்ட் லெட்டர்ல நாந்தான் எழுதிப் போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணால் பார்க்காத ஒன்றை இந்த மனுஷன் இத்தனை வருஷம் இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அட்டையின் பின்பக்கம், மாமியின் கோணல் எழுத்தில், தேதியோடு: 14 மாதம், தம்பி நடந்தான்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு படித்தார்.

"இது செருப்புப் போட்டுக்கிட்டு நடந்த தேதி."

மாமி பதில் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "தம்பி, ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வாப்பா" என்றார். கடை நாலு வீடு தள்ளி.

மகன் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தான்.

"பைக் சாவி எங்கம்மா?"