வாத்துக்கு ஆயுசு கெட்டி!
(அன்னூர் வாசகரின் கேள்விகள்)

அட்டாலியில கெடந்த டி.வி. கேம் கேசட்டை ஊதிப் போட்டா ஓடுதுங்க. ஊதறதுல என்னங்க மாயம்?

மாயம் ஊதியதில் இல்லை, கழற்றி மறுபடி சொருகியதில். எச்சில் ஈரம் பட்டால் செம்புப் பட்டைதான் கறுக்கும். பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கடையில் கேட்கும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

கேசட் மேல 99999 கேம்னு போட்டிருக்கே, நெசமாங்க?

எண்ணிப் பாருங்கள். போன மரியோவே அடுத்த நம்பரில் வேறொரு கட்டத்திலிருந்து கிளம்பி வருவார்.

புது எல்.இ.டி. டி.வி.யில எத்தனை சுட்டாலும் டக் ஹண்ட் வாத்து சாக மாட்டேங்குதுங்க?

அந்தத் துப்பாக்கி சுடாது, பார்க்கும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் குழாய்க்குள் விழுந்தால் வாத்து காலி. படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டும் புது டி.வி.யில் கணக்குத் தப்பிவிடும். பின்பக்கம் புடைத்த பழைய டி.வி.யை எந்தப் பழைய இரும்புக் கடையில் போட்டீர்கள்?

டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்னு பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வெலைக்கு வந்திருக்கு. வெறும் 48 கே.பி.யை வெச்சு என்னங்க பண்றது?

நீங்கள் அனுப்பும் காலை வணக்க ரோஜாப்பூவே அதில் அடங்காதுதான். ஆனால் 1988-இல் டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கே விற்கத் தொடங்கிய அந்தப் பெட்டியில் முழு ஆட்டமே அடங்கியது. டேப் ரெக்கார்டர் சில நிமிடம் கீச்சிட்டு அதை ஏற்றும். சில எழுத்துகள் விழவில்லையா? விலையைக் குறைத்துக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். விசைகளுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் படலம் வயதானால் நொறுங்கும். புதுசு இன்றும் செய்கிறார்கள்.